லேத்தில் கையுறை போட முடியாது. பேரியர் கிரீம் மட்டும் பூசினால் கை தப்புமா?

கடைசல்காரன் எழுதியது:

வணக்கம். லேத் வேலையில் 11 வருடம் ஆகிறது. கடைசி 2 வருடமாக சிஎன்சி, அதாவது கணினி இயக்கும் லேத்தில் டர்னிங். கூலண்டில் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய் கலந்த தண்ணீர்) நனைந்த ஜாபை, அதாவது கடைந்த உலோகத் துண்டைக் கழற்றுவது, துடைப்பது, அளப்பது, அடுத்ததைச் சக்கில் (துண்டைப் பிடித்துச் சுற்றும் பாகம்) மாட்டுவது. ஷிப்ட் முழுக்க இதுதான். கை காய்வதற்கு நேரமே இல்லை.

போன வருடம் வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தோல் வெளுத்துச் சொரசொரப்பாக ஆனது. வெறும் வறட்சிதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் சிவந்தது. ராத்திரியில் அரித்தது. இப்போது கட்டைவிரல் நுனியிலும் விரல் முட்டிகளிலும் வெடிப்பு. மைக்ரோமீட்டரைப் பிடித்துத் திருகும்போது கட்டைவிரல் வெடிப்பு ஒவ்வொரு தடவையும் திறந்துகொள்கிறது. சட்டைப் பொத்தானை இப்போது இடது கையால்தான் போடுகிறேன்.

ஒன்றைக் கவனித்தேன். நடுவில் 8 நாள் விடுப்பில் இருந்தேன். கை பாதிக்கு மேல் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது.

கையுறை போடச் சொல்லாதீர்கள். சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் கையுறை கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு நூல் சிக்கினாலும் கையையே உள்ளே இழுத்துவிடும். அதனால் மேற்பார்வையாளர் ஒரு ட்யூப் பேரியர் கிரீம் வாங்கி வைத்தார். கண்ணுக்குத் தெரியாத கையுறை மாதிரி என்றார். இரண்டு வாரம் தினமும் காலையில் பூசிப் பார்த்தேன். வெடிப்பில் பட்டதும் தீயாக எரிந்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான்: கிரீம் தப்பா, பூசிய முறை தப்பா? கூலண்ட் வேலைக்கென்று வேறு நல்ல கிரீம் இருக்கிறதா? கையில் பிடித்த மசியைத் தின்னரில் துடைத்துவிட்டுத்தான் சோப்புப் போடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. கையை இழக்க முடியாது.

மருத்துவ அறை செவிலி எழுதியது:

தம்பி, முதலில் அந்தத் தின்னரை நிறுத்துங்கள். இன்றைக்கே. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தொழிற்சாலை மருத்துவ அறையில் 16 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். இதே மாதிரிக் கைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதிய விதத்திலேயே பாதி விவரம் இருக்கிறது. விரலிடுக்கில் தொடங்கியது, விடுப்பில் ஆறியது, திரும்பியதும் வந்தது. வேலையால் வரும் தோலழற்சியின் வழக்கமான பாதை இது.

நீங்கள் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்பவர், அதனால் அதே கணக்கில் சொல்கிறேன். புறங்கைத் தோலில் வெளியிலிருப்பதை உள்ளே விடாமல் தடுக்கும் மேல்படலத்தின் தடிமன் ஏறக்குறைய 10 முதல் 20 மைக்ரான். உள்ளங்கையில் அது பல மடங்கு தடிமன். அதனால்தான் உள்ளங்கை தாங்குகிறது, புறங்கையும் விரலிடுக்கும் முதலில் விழுகின்றன. இறந்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் சாந்து மாதிரி கொழுப்பு இருக்கிறது. கூலண்டில் எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கும் பொருள் சேர்த்திருப்பார்களே, அது உங்கள் தோலின் கொழுப்பையும் அதே மாதிரிதான் கரைத்து எடுக்கும். போதாததற்கு, தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் ஏறக்குறைய 5. தண்ணீர் கலந்த கூலண்ட் 9 பக்கம் இருக்கும். அதில் தின்னரும் சேர்ந்தால் மிச்சமிருக்கும் சாந்தும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் உரசுவது தனிக் கதை.

இப்போது கிரீமுக்கு வருகிறேன். வேலையால் வரும் கைத் தோலழற்சியைத் தடுக்க எது உதவுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. 9 ஆய்வுகள், 2,888 தொழிலாளர்கள். உலோக வேலை செய்பவர்களும் அதில் உண்டு. பேரியர் கிரீம் மட்டும் பூசியவர்களில் 100க்கு 29 பேருக்குத் தோலழற்சி வந்தது. ஒன்றும் பூசாதவர்களில் 33 பேருக்கு. வித்தியாசம் ரொம்பச் சிறியது. மாய்ஸ்சரைசர் பூசியவர்களில் 13, பூசாதவர்களில் 19. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் 8, பயன்படுத்தாதவர்களில் 13. ஆதாரத்தின் தரம் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள், அதனால் இந்த எண்களைப் பிடித்துத் தொங்கவேண்டாம். ஆனால் எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நான் அறையில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. வேலைக்கு முன் பூசுவதைவிட, வேலை நேரத்திலும் வேலை முடிந்தும் பூசும் சாதாரண மாய்ஸ்சரைசர்தான் கையைக் காப்பாற்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கையுறை என்று சொல்வதில் எனக்குக் கோபமே வருகிறது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு இதை 'வேலைக்கு முன் பூசும் கிரீம்' என்று சொல்வதையே விரும்புகிறது. 'பேரியர்' என்றால் சுவர் எழுந்துவிட்டதாக ஆள் நம்பிவிடுவான். நம்பினால் கூலண்டுக்குள் இன்னும் தாராளமாகக் கையை விடுவான். இந்தக் கிரீமால் உண்மையில் நடப்பது வேறு. அழுக்கு எளிதில் கழுவ வரும். அதனால் கடுமையான சோப்பும் தேய்ப்பும் குறையும். அந்த அளவுக்கு அது நல்ல பொருள்தான்.

வெடித்த தோலில் அதைப் பூசக் கூடாது. உங்களுக்கு எரிந்தது அதனால்தான். ஆறாத தோலில் கிரீமில் இருப்பதும் உள்ளே போகும், கூலண்டும் போகும்.

பூசும் முறையைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பயிற்சியில் எங்கள் எல்லோருக்கும் புற ஊதா விளக்கில் ஒளிரும் கிரீமைக் கொடுத்து, வழக்கம்போலப் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தில் கையை நீட்டினோம். என் உள்ளங்கை பளிச்சென்று ஒளிர்ந்தது. விரல் நுனி, நகத்தைச் சுற்றிய இடம், விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் இருட்டு. நோயாளிகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிற செவிலியின் கை அது! தேவையில்லாத இடத்தில் அப்பி, தேவையான இடத்தை விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து நான் புறங்கையில் கிரீமை வைத்து, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று தேய்த்துத்தான் தொடங்குகிறேன். அப்புறம் விரலிடுக்கு, நுனி, மணிக்கட்டு. உள்ளங்கை கடைசியில். அளவு: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது ஒரு கைக்கு இருபக்கமும் போதும். இரண்டு கைக்கு இரண்டு தடவை பிதுக்க வேண்டும். ஒரு பொட்டு எடுத்து இரண்டு கைக்கும் பூசுவது பூசாததற்குச் சமம்.

எந்த மாய்ஸ்சரைசர் என்றால், வாசனை சேர்க்காதது. விலை உயர்ந்தது வேண்டாம். இடைவேளைக்கு முன் கழுவித் துடைத்ததும் ஒரு தடவை, ஷிப்ட் முடிந்ததும் ஒரு தடவை, படுக்கும்போது கெட்டியாகப் பெட்ரோலியம் ஜெல்லி பூசி மேலே பருத்திக் கையுறை. வீட்டில் சக் சுற்றாது, அங்கே தாராளமாகப் போடலாம்.

கழுவுவது வெதுவெதுப்பான தண்ணீரில், மென்மையான திரவச் சோப்பில். மணல் மாதிரித் துகள் கலந்த கைச் சோப்பைத் தினமும் தொடாதீர்கள். சோப்பு மிச்சமில்லாமல் அலசி, விரலிடுக்கைத் துடைக்காமல் விடாதீர்கள். மோதிரம் இருந்தால் வேலைக்கு வரும்போது கழற்றிவிடுங்கள்; லேத்தில் எப்படியும் போடக் கூடாது, அதனடியில் தங்கும் சோப்பும் கூலண்டும் இன்னொரு காரணம்.

ஆனால் இப்போதிருக்கும் வெடிப்புக்கு இதெல்லாம் போதாது. தோல் மருத்துவரைப் பாருங்கள். கூலண்டின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

சீப்பும் கத்தரியும் எழுதியது:

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், என் கை பட்டபாடு.

நான் முடி அலங்காரம் செய்பவள். ஷாம்பூ, பிளீச், டை என்று நாள் முழுக்க ஈரம். கை காய்கிறதே என்று பெட்ரோலியம் ஜெல்லியை நன்றாகப் பூசி, மேலே லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொள்வேன். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்தேன். எண்ணெய்ப் பசை லேடெக்ஸைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கையுறை நைந்து விரல் நுனியில் கிழியும், நான் அதைக் கவனிக்காமல் டை பூசிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் விரல்கள் வீங்கின. அடுத்த தடவை இமையும் வீங்கியது. சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வைத்தார்கள். டையில் இருக்கும் பாராஃபினிலீன்டையமின் என்ற பொருளுக்கு ஒவ்வாமை என்று தெரிந்தது. ஒவ்வாமை வந்த பிறகு எந்தக் கிரீமும் காப்பாற்றவில்லை, சொட்டுப் பட்டாலே போதும். இப்போது நீளமான நைட்ரைல் கையுறை, ஒரு தடவை போட்டதை மறுபடி போடுவதில்லை. வெட்டுவதை முதலில் முடித்துவிட்டு டையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். டை பூசிய முடியை வெறுங்கையால் தொடவேண்டிய வேலையே இல்லாமல் போனது. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே ஆகவில்லை, பலனோ பெரிது.

உங்களுடையது எரிச்சலால் வந்ததா ஒவ்வாமையா என்று கட்டாயம் பாருங்கள், அண்ணா. நான் ஒன்றரை வருடம் கிரீம் மாற்றி மாற்றி வீணாக்கினேன்.

பழைய ஃபிட்டர் எழுதியது:

தம்பி, ட்யூபை ஓரமாக வை. கூலண்ட் டேங்கை எப்போது பார்த்தாய்?

கூலண்ட் சூட்டில் தண்ணீர்தான் ஆவியாகும், எண்ணெய் அப்படியே நிற்கும். மட்டம் குறைந்ததும் கண் அளவில் ஒரு மக் கூலண்டை ஊற்றுவோம். நாளாக ஆக அது கெட்டியாகிக்கொண்டே போகும். நான் பொறுப்பெடுத்த ஒரு மெஷினில் எண்ணெய் 6 சதவீதம் இருக்கவேண்டியது 13இல் நின்றது. அந்த மெஷினில் வேலை பார்த்த மூன்று பேருக்கும் கை வெடித்திருந்தது. கூலண்டின் கெட்டியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். காட்டும் எண்ணை அந்தக் கூலண்டுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும், அது கம்பெனித் தாளில் இருக்கும். நாள் தவறாமல் பார்த்து எழுதி வை.

நாற்றம் அடித்தால் பாக்டீரியா வளர்ந்துவிட்டது. மருந்தை அள்ளிக் கொட்டி நாற்றத்தைப் போக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கிருமிநாசினியே தோலுக்கு ஆகாது, பலருக்கு ஒவ்வாமை அதிலிருந்துதான் வருகிறது. மெஷினின் சறுக்குப் பாதைகளிலிருந்து வடிந்து மேலே மிதக்கும் ஸ்லைடுவே எண்ணெயை எடுத்துவிடு, டேங்கைக் காலி செய்து கழுவி, புதிதாகக் கலக்கு.

அப்புறம் அந்த வேஸ்ட் துணி. சிப்ஸ் (உலோகச் சீவல்) துடைத்த துணியாலேயே கையைத் துடைப்பதை நிறுத்து. அதில் நூறு கத்தி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகத்தான் எல்லாம் உள்ளே போகிறது. ஏர் கன்னைக் கையில் அடிப்பதும் கூடாது, காற்று தோலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

கையுறை கூடாது என்றாயே, சக் சுற்றும்போது கூடவே கூடாது, சரி. ஆனால் நீ சொன்ன வேலையில் எத்தனை நிமிடம் கை சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது? சிஎன்சியில் கதவு மூடித்தானே ஓடுகிறது. ஜாபை டேங்கில் அலசும்போது, மெஷினை அணைத்துச் சிப்ஸ் அள்ளும்போது, கூலண்ட் கலக்கும்போது நைட்ரைல் போடலாமே. மேற்பார்வையாளரிடம் பேசி எந்த வேலைக்குப் போடலாம், எதற்குக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொல். ஜாபைக் கழற்றும் முன் கூலண்ட் வடிய ஒரு ஐந்தாறு விநாடி விடு. ஒரு ஷிப்டுக்குக் கூட்டிப் பார், கை எவ்வளவு குறைவாக நனைகிறது என்று.

கடைசல்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தின்னர் டப்பாவை அன்றைக்கே தூரமாக வைத்துவிட்டேன்.

அக்கா, ஒரு சந்தேகம். இடைவேளையில் மாய்ஸ்சரைசர் பூசினால் கை வழுக்காதா? ஜாபை நழுவவிட்டால் காலில் விழும். அளக்கும் இடத்தில் பசை ஒட்டினால் அளவும் தப்பாகும். ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் டேங்கைப் பார்க்கப் போனேன். எங்கள் பட்டறையில் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது, பெட்டியோடு அலமாரியில். யாரும் திறந்ததில்லை.

மருத்துவ அறை செவிலி எழுதியது:

நல்ல சந்தேகம், தம்பி. பகலுக்கும் இரவுக்கும் ஒரே பொருள் வேண்டாம். பகலில் தண்ணீர்த்தன்மை அதிகமுள்ள, சீக்கிரம் தோலில் இறங்கிவிடும் கிரீம். இடைவேளை தொடங்கியதும் பூசிவிடுங்கள், முடியும்போது பசை இருக்காது. முடிவதற்கு ஒரு நிமிடம் முன் பூசினால்தான் வழுக்கும். கெட்டியான களிம்பு ராத்திரிக்கு மட்டும். சந்தேகமாக இருந்தால் விரல் நுனியின் உள்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரைத் தொடுங்கள்.

பழைய ஃபிட்டர் ஐயா சொன்னதுதான் முதலில் செய்யவேண்டியது, அதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். தோலில் படுவதைக் குறைப்பது முதல் வேலை, கிரீம் அதற்குப் பின்னால் வருவது.

சீப்பும் கத்தரியும் சொன்ன ஒவ்வாமை விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பாய்சன் ஐவி என்ற செடியின் பிசினுக்கு எதிராக பென்டோகுவாட்டம் என்ற களிமண் வகைப் பொருள் கலந்த பூச்சை 1996இல் அங்கீகரித்தார்கள். அது அந்தப் பிசினைத் தோலில் படாமல் தடுத்தது. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு எதிராகச் சோதித்துக் காட்டிய கிரீம் அது. எல்லாவற்றையும் தடுக்கும் என்று ஒரு ட்யூப் சொன்னால் எதற்கு எதிராகச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

கடைசல்காரன் எழுதியது (7 வாரம் கழித்து):

கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று நினைக்கவேண்டாம், சொல்ல ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

டேங்கில் 11 சதவீதம். இருக்கவேண்டியது 6. ஞாயிறன்று காலி செய்து கழுவினோம். அடியில் ஒரு வாளி கறுப்புச் சேறு. இப்போது தினமும் காலையில் அளந்து, மெஷின் கதவில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். ஜாப் அலசவும் சிப்ஸ் அள்ளவும் நைட்ரைல். மெஷினை ஓட்டுவதற்கு முன் கழற்றி வைக்க ஒரு கொக்கி அடித்தோம்; கொக்கியில் கையுறை இல்லையென்றால் பச்சைப் பொத்தானை அழுத்துவதில்லை என்று பேச்சு.

தோல் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார், சொன்ன நாளோடு நிறுத்திவிட்டேன். பேட்ச் டெஸ்ட்டும் வைத்தார். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்த்தார், ஒன்றும் எழும்பவில்லை. எரிச்சலால் வந்ததுதான் என்றார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஒவ்வாமை என்று வந்திருந்தால் இந்தத் தொழிலையே விடவேண்டியிருக்குமோ என்ற பயம் அவ்வளவு இருந்தது.

கட்டைவிரல் வெடிப்பு மூடி மூன்று வாரம் ஆகிறது. பார்க்க நன்றாக ஆறின மாதிரி இருந்தாலும் உள்ளே முழுதாகத் தேற இன்னும் பல வாரம் ஆகும், நிறுத்திவிடாதே என்று மருத்துவர் எச்சரித்தார். அதனால் ராத்திரிப் பெட்ரோலியம் ஜெல்லியும் பருத்திக் கையுறையும் தொடர்கின்றன. நடுவிரல் முட்டியில் மட்டும் ஒரு கோடு இன்னும் அவ்வப்போது திறக்கிறது. அந்த பேரியர் கிரீம் ட்யூபையும் தூக்கிப்போடவில்லை. ஆறிய தோலில், ஷிப்டுக்கு முன், புறங்கையிலிருந்து தொடங்கிப் பூசுகிறேன். சாயங்காலம் மசி சோப்பிலேயே போய்விடுகிறது, தின்னர் ஞாபகமே வருவதில்லை.

நேற்று பக்கத்து மெஷினில் புதிதாகச் சேர்ந்த பையன் ஜாபை நீட்டினான். அவன் விரலிடுக்கைப் பார்த்தேன். வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தது. அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை அண்ணா, சும்மா வறட்சி என்றான். அவன் மெஷின் டேங்கை நாளைக் காலை நானும் அவனும் சேர்ந்து அளக்கப்போகிறோம்.